நகரும் கறை

கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்த நர்ஸ் பெண். யாரைப் பார்த்து என்ன சொல்கிறாள். கல்யாணமாகித் திருப்பூர் வந்த வருஷமே பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவள் துளசிமணி, இன்றைக்கு மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அத்தனை காலமும் செக்கிங் டேபிளில் நின்று கண்ணைத் திறந்து வைத்திருந்ததற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. தைத்ததற்கில்லை, மடித்ததற்கில்லை, பார்த்ததற்கு. பீஸை விரி, முன்பக்கம் பார், பின்பக்கம் பார், கழுத்து, கைக்குழி, அடிமடிப்பு, கறை இருந்தால் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் அடுத்தது. அப்படிப்பட்டவளின் இரண்டு கண்ணிலும் எரிகிற மருந்தை விட்டு, கண்ணுப் பாப்பா விரியணும் என்று சொல்லி, ஆஸ்பத்திரி நாற்காலி வரிசையின் ஓரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தாயிற்று. தினமும் காலையில் வேலை தொடங்கும்போது சூப்பர்வைசர் ஜெயப்பிரகாசு கை தட்டிக்கொண்டே சொல்வான், கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாருங்கக்கா என்று. வந்து பார்க்கட்டும் இப்போது, நிஜமாகவே ஊற்றியிருக்கிறார்கள். மகளோடு படித்திருக்கக்கூடிய வயசுப் பையன். அவனுக்குத் துணி எது, தையல் எது என்று சொல்லிக்கொடுத்ததே செக்கிங் டேபிள் பெண்கள்தான். இன்று காலையில் அவன் அந்த வெள்ளைக் குழந்தைச் சட்டை மூட்டையைத் தூக்கிவந்து அவள் டேபிளில் போட்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் மூடிய கண்ணுக்குள்ளேயே சூடு ஏறுகிறது. மருந்தின் எரிச்சல் இது, அவன் எரிச்சல் வேறு, இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியும். "அக்கா, கறையே இல்லாத பீஸுக்கு எதுக்குங்க்கா ஸ்டிக்கரு? ஸ்பாட்டிங்ல மூட்டையோட திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. கண்ணு போயிருச்சுன்னா சொல்லீருங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." கறையை எடுக்கிற ஸ்பாட்டிங்காரர்கள் அம்பு காட்டுகிற இடத்தையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று சிரித்தார்களாம். சிரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னான். சுற்றி அத்தனை டேபிளிலும் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. நிமிராமல் இருந்ததுதான் இன்னும் மோசம், பாவம் என்று நினைக்கிறார்கள் என்று அர்த்தம். கேட் பாஸ் எழுதிக் கையில் கொடுத்து, கண்ணாடிய மாத்தீட்டு வாங்க என்று அனுப்பிவிட்டான்.

கண்ணு போயிருச்சாம். போன கண்ணா அரைமணிக்கு முன்னால் உள்ளே சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தது. இடது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார்கள், படித்தாள். வலது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார்கள், அதையும் படித்தாள், கடைசி வரியில் ஓர் எழுத்து மட்டும் கொஞ்சம் தடுக்கியது. பவர் பார்த்த பையனே, பரவால்லீங்களேம்மா, நல்லாப் படிக்கறீங்க என்றான். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி ஜெயப்பிரகாசு முகத்தில் நீட்டியிருக்க வேண்டும். முன்னால் சீட்டுப் போடுகிற இடத்தில் அந்த நர்ஸ் பெண் என்னங்கம்மா பிரச்சனை என்று கேட்டபோதும் அவள் நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள், ஒண்ணுமில்ல, கண்ணாடி மாத்தணும் என்று. வேற ஏதாச்சும் இருக்குதுங்களா என்று கேட்டாள் அந்தப் பெண். இல்லை என்றாள். வேறு என்ன சொல்லுவது. கறையில்லாத இடத்தில் கறை தெரிகிறது என்று வாயைத் திறந்தால், காலையில் அவன் சொன்னதை மத்தியானம் அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா. கண்ணில் பூச்சி பறக்கிறது என்றால்தான் என்ன, அது யாருக்கில்லை. அவளுக்கு அது பழைய பழக்கம். இடது கண்ணில் ஒரு நூல். மகள் பெரியவளான வருஷத்தில் வந்தது. முதல் நாள் அதை நிஜ நூல் என்றே நினைத்து வெள்ளைப் பீஸில் நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்த்தாள், பக்கத்து டேபிள்காரி என்னக்கா துணிய ஓட்டை போடறீங்க என்று கேட்டாள். பிறகு அதன் குணம் பிடிபட்டுவிட்டது. கலர் ஆர்டர் ஓடுகிற மாதங்களில் அது இருக்கிற இடமே தெரியாது. வெள்ளை ஆர்டர் வந்து, தலைக்கு மேல் டியூப்லைட் எரிய, வெள்ளைத் துணியை விரித்தால் போதும், வந்துவிடும். கண்ணை இடது பக்கம் ஓட்டினால் கூடவே ஓடும், கண் நின்ற பிறகும் நிற்காமல் கொஞ்சம் மிதந்து, பிறகு அடங்கும். துணியில் இருக்கிற கறைக்கு அந்தப் புத்தி கிடையாது, அது இருந்த இடத்தில் இருக்கும். நகராதது கம்பெனிக் கறை, நகர்ந்தால் என் கறை. இதை அவளாகக் கண்டுபிடித்து, அவளாக டேபிளில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதற்காக யாரும் அவளுக்கு மாலை போடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. மரியாதையாவது கொடுத்திருக்கலாம்.

எரிச்சல் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. இமையை லேசாகத் திறந்து பார்த்தாள். ஹால் முழுக்க வெளிச்சம் வழிந்து கிடந்தது, மனிதர்களுக்கு விளிம்பு இல்லை. எதிர்ச் சுவரில் கண்ணைப் பற்றி ஏதோ பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், படம் ஒன்று தெரிந்தது, கீழே இருந்த எழுத்தெல்லாம் கலங்கி நின்றது. என்ன புத்திசாலித்தனம் பாருங்கள். எல்லார் கண்ணிலும் மருந்தை விட்டு ஒருத்தருக்கும் ஒரு எழுத்தும் தெரியாமல் செய்துவிட்டு, அந்த ஹாலில் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். இதைச் செக் பண்ணிப் பாஸ் பண்ணியவன் யார். அவள் டேபிளாக இருந்தால் அப்போதே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள். ஸ்டிக்கர் என்றதும் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தம்மாவுக்கு வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இன்னும் சிலருக்கும் அப்படி. இவங்களுக்கு இந்தக் கண், இவங்களுக்கு அந்தக் கண் என்று ஆபரேஷனுக்கு அடையாளம். இங்கேயும் அதே கதைதான், பழுது இருக்கிற இடத்தில் அம்பு. சரி பண்ணக்கூடியது ஆல்டர், பண்ண முடியாதது ரிஜெக்ட், இரண்டும் இல்லாதது பாஸ். தன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. நான் பாஸ் என்று சொல்லிக்கொண்டாள். இடது பக்கம் கறுப்புச் சேலையில் ஒருத்தி அவளை ஒட்டி வந்து நின்றாள். நாற்காலி இல்லையென்றால் மேலே வந்து சாய வேண்டுமா. துளசிமணி தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மறுபடி மூடினாள்.

கண்ணில் ஒன்றுமில்லை என்று அந்த டாக்டரம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். கம்பெனிக்கு வந்த டாக்டரம்மா. எந்த வருஷம் என்று நினைவில்லை, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்து பார்க்கப்போகிறான் என்று கம்பெனிக்குச் சுண்ணாம்பு அடித்து, கழிப்பறைக்குக் கதவு போட்டு, கேன்டீனில் கண் முகாமும் வைத்த வருஷம். டீ நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் டம்ளரும் வடையுமாக நின்றுகொண்டே கேட்டார்கள். டாக்டரம்மா ஒல்லியாக இருந்தார், மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். துளசிமணிதான் கையைத் தூக்கிக் கேட்டாள், எனக்குக் கண்ணுக்குள்ள நூலாட்டம் ஒண்ணு ஓடுதுங், அது என்னங் என்று. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணுக்குள்ள ஜெல்லு மாதிரி ஒண்ணு இருக்கும்மா, வயசாக ஆக அதுல சின்னச் சின்ன இழை திரளும், அதோட நிழல்தான் அப்படித் தெரியுது, ஒண்ணு ரெண்டு ரொம்ப நாளா அப்படியே இருந்தா பயப்பட வேண்டாம், ஒண்ணும் பண்ணாது என்றார். ஆனா, என்றார். அப்போது விசில் ஊதினார்கள். அந்தக் காலத்துச் சூப்பர்வைசர், இவனுக்கு முன்னால் இருந்தவன், வாசலில் நின்று ஊதினான். டம்ளரைக் கழுவு, கவிழ்த்து வை, ஓடு, லேட்டானால் அரைமணி சம்பளம் போகும். அவளுக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே, ஒண்ணும் பண்ணாது. ஓடினாள். அதற்குப் பிறகு எத்தனை பெண்களுக்கு அவள் டாக்டராக இருந்திருக்கிறாள். போன மாதம்கூடக் கலைவாணி, பக்கத்து டேபிளுக்குப் புதிதாக வந்த பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள். "ஏனுங்க்கா, வெள்ளப் பீஸப் பாத்தா எறும்பு ஊர்றாப்டி இருக்குதுங். இது என்னங்க்கா?" பீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே துளசிமணி பதில் சொன்னாள், "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது அம்மணி. எனக்கு எத்தன வருசமா ஓடுது. டாக்டரே சொல்லீட்டாங்க." பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டரே சொல்லீட்டாங்க. ஆனா என்று அவர் சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் மறைத்தாள் என்றில்லை. ஆனா என்பதில் சொல்ல என்ன இருக்கிறது, அது பாதிப் பேச்சு. பேசுகிறவர்கள் எல்லோரும் நடுவில் ஆனா என்று சொல்லத்தான் செய்வார்கள்.

ஆனா என்ன. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றிருப்பார். கீரை சாப்பிடுங்கள் என்றிருப்பார். டாக்டர்கள் கடைசியில் கீரையில்தான் வந்து நிற்பார்கள். ஆனா, கண்ணாடி போடுங்க. இருக்கலாம். அதை விட்டுவிட்டு வேறொன்றை நினைக்கப் பார்த்தாள், அது விடவில்லை, துணியில் மாட்டிய ஊசி போல இழுத்துக்கொண்டே வந்தது. நூல் ஒன்றுதான் என்றால் அந்த மூட்டை ஏன் திரும்பி வந்தது. ஒரு நூலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு பீஸைக்கூடத் தப்பாக ஒட்டியதில்லையே. உண்மையைச் சொன்னால் அது இப்போது நூல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி காயப் போடும்போது ஆரம்பித்தது. புகைக்கரியைக் கையில் எடுத்து ஊதிவிட்ட மாதிரி, வானத்தில் திடீரென்று பொடிப்பொடியாகக் கறுப்பு. விறகடுப்பில்லாத வீட்டில் கரி எங்கிருந்து வரும் என்று மேலே பார்த்தாள். பிறகு தூக்கமில்லை, அதுதான் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால் வெள்ளைப் பீஸ் முழுக்க அதே பொடி. ஒவ்வொன்றையும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அடங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அடங்குவதற்குள் அடுத்த பீஸ் கையில் ஏறிவிடும். காத்திருக்க எவன் விடுகிறான். மணிக்கு இத்தனை பீஸ் என்று தலைக்கு மேல் போர்டு தொங்குகிறது. சந்தேகம் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டு என்பதுதான் செக்கிங்கில் முதல் பாடம். நல்ல பீஸை நிறுத்தினால் ஒரு வசவோடு போகும், கறைப் பீஸ் கப்பல் ஏறிவிட்டால் டேபிளே போய்விடும். அதனால்தான் ஒட்டினாள். பாடத்தின்படிதான் ஒட்டினாள். அது தப்பாம், சிரிக்கிறார்களாம்.

போதாக்குறைக்கு அந்த டியூப்லைட். அதை நினைத்ததும் துளசிமணிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அவள் டேபிளுக்கு மேல் இருக்கிற டியூப் திங்கட்கிழமையிலிருந்து வெட்டி வெட்டி எரிந்தது. இடது ஓரத்தில் பளிச், பிறகு சும்மா இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பளிச். எலக்ட்ரீஷியன் சின்னராசுவைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னாள். மாற்றினான். மறுபடி வெட்டியது. சோக்கை மாற்று என்றாள். மாற்றினான். மறுபடி வெட்டியது. நேற்று அவன் ஏணி மேல் நின்றுகொண்டு டியூபையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நல்லாத்தானுங் எரியுது. எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே." அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். உனக்குத் தெரியாது, தெரிஞ்சா நீ எதுக்கு ஏணி மேல நிக்கற, ஒரு டியூப்ப ஒழுங்கா மாட்டத் தெரியல, உனக்கெல்லாம் யாரு வேல குடுத்தாங்க என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவன் ஏணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போனான். போகட்டும். வெளிச்சம் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த மூட்டை திரும்பி வந்திருக்காது. ஒரு டியூப் சரியில்லை, ஒரு சூப்பர்வைசர் சரியில்லை, பழி மட்டும் அவள் கண்ணுக்கு. இதை இப்படியே போய் ஜெயப்பிரகாசிடம் சொல்ல வேண்டும், கண்ணு நல்லாத்தான் இருக்குது, உங்க கம்பெனி லைட்டு தான் சரியில்ல என்று. வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரி சொல்லலாம் என்று யோசித்தாள். அப்போது இடது ஓரத்தில் பளிச் என்று வெட்டியது.

இங்கேயும் டியூப் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆஸ்பத்திரி என்று பெயர், ஒரு விளக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை. நினைத்து முடிப்பதற்குள் இன்னொரு பளிச், வளைந்து, நிலாப் பிறை மாதிரி. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் கண் மூடியிருப்பது உறைத்தது. இமை மூடியிருக்கிறது. மேலே கைக்குட்டையை வேறு மடித்து வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். எந்த டியூப் எங்கே வெட்டினாலும் இதற்குள் வர வழியில்லை. அப்படியே அசையாமல் இருந்தாள். மறுபடி வந்தது. சின்னராசு ஏணியை மடித்தது நினைவுக்கு வந்தது. எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே என்றானே, அவன் கண்ணில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறான். நல்ல டியூபை மூன்று நாளாகக் கழற்ற வைத்திருக்கிறாள். கறை இல்லை, கறை தெரிந்தது. மின்னல் இல்லை, மின்னல் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். இடது பக்கம் அந்தக் கறுப்புச் சேலைக்காரி இன்னும் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், முன்னைவிட நெருக்கமாக. எல்லா எரிச்சலும் அவள் மேல் திரும்பியது. "கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களே. மூச்சு விட வேண்டாமா?" அவள் அசையவில்லை. "உங்களத்தானுங் சொல்றேன்." வலது பக்கத்துப் பெரியம்மா அவள் முழங்கையைத் தொட்டார். "யார்கிட்டச் சாமி பேசற? அந்தப் பக்கம் யாருமில்லியே. வெறும் வழிதான் கெடக்குது."

துளசிமணி திரும்பிப் பார்த்தாள். வழி வெறுமனே கிடந்தது, தள்ளி ஒருத்தர் வீல்சேரை உருட்டிக்கொண்டு போனார். கறுப்பு மட்டும் போகவில்லை. தலையைத் திருப்பியதும் அதுவும் திரும்பி, இடது ஓரத்தில், கீழிருந்து மேலாகச் சாய்ந்து நின்றது. அவள் பயப்படவில்லை, பயப்பட நேரமில்லை, கை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. இடது கண்ணைப் பொத்தினாள். கறுப்பு இல்லை. வலது கண்ணைப் பொத்தினாள். இருக்கிறது. எதிர்ச் சுவரைப் பார்த்தாள், கூடவே வந்தது. தரையைப் பார்த்தாள், கூடவே வந்தது. நகர்ந்தால் என் கறை. ஆனால் நூலும் பொடியும் கண் நின்ற பிறகு கொஞ்சம் மிதந்து அடங்கும், இது மிதக்கவில்லை. கண் நின்றால் நின்றது, அந்த ஓரத்திலேயே, தைத்து வைத்தது போல. இப்படி ஒன்றை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. இதற்கு டேபிளில் பெயர் கிடையாது. ஆனா, என்றார் டாக்டரம்மா. நாற்காலி மேல் நின்று, விசில் சத்தத்துக்கு நடுவில், ஒரு கையை விரித்து முகத்துக்குப் பக்கத்தில் கீழிருந்து மேலே கொண்டுபோனாரே. அதை அவள் பார்த்தாள். டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டே பார்த்தாள். ஈயை ஓட்டுகிறார் என்று நினைத்தாள். எந்த ஈ. அது திரை. திரை ஏறுவதைக் காட்டியிருக்கிறார். பாவி, ஒரு நிமிஷம் கழித்து ஊதியிருந்தால் உன் கம்பெனி மூழ்கியா போயிருக்கும். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஊதினானே. நல்லதை மட்டும் கேட்கவிட்டுவிட்டு மிச்சத்தை ஊதித் தள்ளினானே. அதை நம்பி அவள் இத்தனை நாள் பெரிய மனுஷியாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபத்தில் அழுகை வந்தது. மருந்து விட்ட கண்ணில் அழக்கூடாது என்று அதையும் கோபமாகவே விழுங்கினாள். டோக்கன் கூப்பிட இன்னும் எத்தனையோ பேர் முன்னால் இருந்தார்கள். கண்ணாடி மாத்தணும் என்று சொன்னவளை யார் அவசரமாகக் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து அவள் சொன்னது அதுதானே. காலையில் ஜெயப்பிரகாசு பேசிய ஒரு பேச்சுக்காக இங்கே வந்து வாயை மூடிக்கொண்டாளே. அவனுக்காக இந்தக் கண்ணைக் கொடுக்க வேண்டுமா. எழுந்தாள்.

யாரையும் முந்திப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. ரேஷன் கடையில், பஸ்ஸில், எங்கும் முந்துகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது, சண்டைக்கே போவாள். இன்று நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து, வரிசையில் நின்ற ஆட்களை ஒதுக்கிக்கொண்டு நேராக மேசைக்குப் போனாள். பின்னாலிருந்து ஒருவர், ஏம்மா நாங்கெல்லாம் மனுசங்க இல்லையா என்றார். நியாயம்தான். அவள் திரும்பவில்லை. நர்ஸ் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள், கூப்பிடுவோம்மா, உக்காருங்க. மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு, செக்கிங் ஹாலில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரலில் துளசிமணி சொன்னாள். "கண்ணாடி மாத்த வர்லீங். பொய் சொல்லீட்டேன். ஞாயித்துக்கெழம இருந்து எடது கண்ணுல கரியப் பொடிச்சுப் போட்டாப்டி கூட்டமாப் பறக்குது. கண்ண மூடுனாலும் ஓரத்துல மின்னல் வெட்டுது. இப்பக் கீழ இருந்து ஒரு இருட்டு மேல ஏறிட்டு வருது. காத்தால இல்ல. இங்க உக்காந்த பொறவுதான் வந்துது." நர்ஸ் பெண் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அவள் எடுக்கவில்லை. கடந்த சில நாட்களில் துளசிமணி சொன்ன சொல்லுக்கு ஒரு ஆள் இப்படி எழுந்தது இதுதான் முதல் தடவை. "மொதல்லயே சொல்லக்கூடாதாங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டு தடவை கேட்டாளே.

உள்ளே இருந்த டாக்டர் வயசில் சின்னவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அவளைப் படுக்க வைத்து, மேலே பாருங்க, காதைப் பாருங்க, கால்விரலைப் பாருங்க என்று வெளிச்சத்தை உள்ளே செலுத்தினார். அந்த வெளிச்சம் வலித்தது. ரொம்ப நேரம் ஒரே பக்கத்தில் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உள்ள இருக்கற ஜெல்லு சுருங்கறப்ப விழித்திரையப் புடிச்சு இழுத்திருக்கும்மா. அதுல ஒரு எடத்துல கிழிஞ்சிருக்கு. அந்தப் பொடியும் மின்னலும் அதோட அறிகுறிதான். இப்ப அந்தக் கிழிசல் வழியா நீர் எறங்கி, திரை ஓரத்துல இருந்து கழண்டுட்டு வருது." துளசிமணிக்குப் புரிந்தது. பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அப்படித்தான், கையை வைக்காமல் விட்டால் நீளத்துக்கும் ஓடும். எழுத்தெல்லாம் படிச்சனேங் என்றாள். "நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டுத்தான் இருக்கு, அதனாலதான் படிச்சீங்க. அது கழண்டா அப்பறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பார்வை வராது. இன்னிக்கே பண்ணணும். வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க." அவள் கூரையைப் பார்த்தாள். கூரையில் இடது பக்கம் இருட்டாக இருந்தது. பிறகு கேட்டாள், "இது ஆல்டருங்களா, ரிஜெக்ட்டுங்களா?" டாக்டருக்கு விளங்கவில்லை, என்னம்மா என்று குனிந்தார். காலடியில் நின்ற நர்ஸ் பெண்தான் பதில் சொன்னாள். "எங்கம்மாவும் பனியன் கம்பெனிதானுங்க்கா. ஆல்டருங்க. லேட்டானாத்தான் ரிஜெக்ட்டு." சொல்லிக்கொண்டே ஒரு துண்டு பிளாஸ்திரியைக் கிழித்து அவள் இடது புருவத்துக்கு மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். துளசிமணி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் ஒட்டியிருக்கிறாள், கறை இல்லாத இடத்திலும் ஒட்டியிருக்கிறாள். இது சரியான இடத்தில்தான் இருந்தது.

வீட்டுக்காரருக்குச் சொன்னார்கள், மகளுக்குச் சொன்னார்கள், வருகிறார்கள். அவளுடைய போனிலேயே பேசிவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்த நர்ஸ் பெண்ணின் கையைத் துளசிமணி பிடித்து நிறுத்தினாள். "இன்னொண்ணு போட்டுக் குடு கண்ணு. எனக்கு எழுத்துத் தெரியல. கலைவாணின்னு இருக்கும் பாரு." டீ நேரம். எடுப்பாள். எடுத்தாள். பின்னால் டம்ளர் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டது. அக்கா, கண்ணாடி மாத்தியாச்சுங்களா என்று கேட்டாள் கலைவாணி. "அத விடு. உனக்கு எறும்பு ஊருதுன்னியே, எப்படி இருக்குது இப்ப?" கலைவாணி சிரித்தாள். "இருக்குதுங். நீங்கதான் ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே. ரெண்டு நாளா கொஞ்சம் சாஸ்தியா இருக்குதுங், அவ்வளவுதான்." துளசிமணி படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள், நர்ஸ் பெண் படுங்கக்கா என்று தோளைப் பிடித்தாள். "நான் சொன்னது பாதி அம்மணி. மிச்சம் இருக்குது. சின்னராசு அங்க இருந்தா அவனையும் கூப்புடு, அவன்கிட்டயும் எனக்கொரு பேச்சு இருக்குது." அப்போது விசில் ஊதியது. போனுக்குள் அந்தச் சத்தம் காதைக் குத்தியது. டம்ளர்கள் அவசரமாகக் கவிழ்வது கேட்டது. "அக்கா, ஊதீட்டாங்க. வெச்சறட்டுங்களா?"

"வெச்சேன்னா பாரு. ஊதட்டும்."

"சூப்பர்வைசரு பாக்கறாருங்க்கா."

"பாக்கட்டும். யாரும் டேபிளுக்குப் போக வேண்டாம், நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அங்கயே நில்லுங்க." யாருங்க போன்ல என்று ஜெயப்பிரகாசு கேட்பது தூரத்தில் கேட்டது. துளசிமணியக்காங்க என்று கலைவாணி சொல்வதும் கேட்டது. இரண்டாவது விசில் வந்தது, பாதியில் நின்றது.

"ஸ்பீக்கர்ல போடு அம்மணி," என்றாள் துளசிமணி. போட்டாகிவிட்டது என்று தெரிந்ததும், அந்த 'ஆனா'வில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள்.